நிகாசியோவின் பெயரில் ஒரு ரொட்டிப்பிள்ளை

நிகாசியோ சோக்கே செத்துப்போய் இருபத்துநாலு வருஷம் ஆகிறது. அவர் பெயரில் மூன்று வருஷம் கல்லறைத் திருநாளில் முறைப்படி படையல் மேஜை போட்டாயிற்று. மூன்றாவது வருஷம் பாட்டுக்காரர்களைக் கூப்பிட்டு, ஆடி, அழுது, ஆத்மாவை நல்லபடியாக வழியனுப்பியும் ஆயிற்று. இருந்தும் அந்த மனிதர் தினமும் விடிகிற நேரத்தில் எழுந்து, கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு, லா பாஸ் நகரத்துக் காய்கறிச் சந்தைக்கு மூட்டை தூக்கப் போகிறார்.

"ஏய் செத்தவனே, இங்க வா. சூப் ஆறிப்போகுது."

அவரை அப்படிக் கூப்பிட உரிமை உள்ள ஒரே ஆள் யூசேபியாக்கா. சந்தையின் மேற்கு மூலையில் உருளைக்கிழங்கு விற்கிறவள். ஏழு பாவாடையும் வட்டத் தொப்பியுமாக அவள் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்தால், எது மூட்டை, எது அக்கா என்று தெரியாது. ஊரில் வேறு யாருக்கும் தெரியாத ரகசியம் அவளுக்கு மட்டும் தெரியும். பதினெட்டு வருஷத்துக்கு முன் ஒரு சாயங்காலம், யாரோ ஒருவன் தன் மூட்டைமேல் சாய்ந்து கிடப்பதைப் பார்த்து, திருடன் என்று நினைத்து விளக்குமாற்றால் நாலு சாத்து சாத்தினாள். அவன் கையைக்கூடத் தூக்காமல் அழுதான். அப்புறம் அவளே சூப் வாங்கிக் கொடுத்து, முழுக் கதையையும் கேட்டு, தானும் அழுதாள். அன்றிலிருந்து நிகாசியோ அவள் கடை மூட்டைகளுக்கு முதல் ஆள்.

அக்டோபர் மாதக் கடைசி வாரம் அது. சந்தை முழுக்கக் கரும்பும் வெங்காயத்தாளும் மலை மலையாகக் குவிந்திருந்தன. செத்தவர்கள் பெயரில் பிள்ளை உருவத்தில் சுடுகிற ரொட்டிப்பிள்ளைகளுக்கு ஒட்டுகிற சின்னச் சின்ன முகங்களைத் தட்டுகளில் அடுக்கி விற்றார்கள். மீசை வைத்த முகம், தொப்பி வைத்த முகம், குழந்தை முகம். கல்லறைத் திருநாள் வந்துவிட்டது.

நிகாசியோ சூப் கிண்ணத்தைக் கையில் வாங்கியதும் யூசேபியாக்கா குரலைத் தாழ்த்தினாள்.

"மெலானியா நேத்து என்கிட்டதான் கிழங்கு வாங்கினா."

கரண்டி பாதி வழியில் நின்றது.

"அம்மா போய் முதல் வருஷம், மேஜையில எதுவுமே குறையக் கூடாதுங்கறா. ரொட்டி அடுப்புக்காரன்கிட்ட முறை வாங்கிட்டாளாம். ரெண்டு மூட்டை மாவு."

"நல்லா இருக்காளா அக்கா?"

"இருக்கா. மெலிஞ்சுட்டா. அம்மாவும் பொண்ணுமா ஒட்டிக்கிட்டே இருந்ததுங்க. புருஷன் லாரியில போனா மாசத்துக்கு ஒருவாட்டி தலை காட்டறான். கைக்குழந்தை வேற. அஞ்சு மாசம். பொம்பளைப் பிள்ளை." அக்கா அவர் முகத்தை ஓரக்கண்ணால் பார்த்தாள். "உன் மூக்குதான் அதுக்கும். பாவம்."

நிகாசியோ சிரிக்கவில்லை. கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"நான் போய்ச் சொல்லிடவா அக்கா?"

"என்னன்னு?"

"நான் இருக்கேன்னு."

யூசேபியாக்கா அழுகிய கிழங்குகளைப் பொறுக்கி எறிந்தாள்.

"உன் வாயைக் கட்டி வெச்சவ மார்ச் மாசமே போய்ச் சேர்ந்துட்டா. இனி யாருக்குப் பயம்? ஆனா வீட்டு வாசல்ல போய் நின்னு 'நான்தான் உன் அப்பன்'னு சொன்னேன்னு வெய்யி, அவ நாயை அவுத்து விடுவா. கல்லறைக்குப் போ. செபம் சொல்றவனா போ. செபம் சொல்ல வந்தவனை நீ யாரு, எந்த ஊருன்னு ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. உட்கார வெப்பாங்க, குடிக்கக் குடுப்பாங்க. அவ முகத்தைப் பக்கத்துல இருந்து பாரு. அப்புறம் வாய் வந்தாச் சொல்லு."

"எனக்கு செபம் சரியா வராதே."

"செத்தவனுக்கே செபம் வரலைன்னா வேற யாருக்கு வரும்? டெல்ஃபின் கூடப் போ. அவன் செபத்துக்குக் குடுக்கற ரொட்டிக்காகவே வருஷா வருஷம் போறவன்."

இந்த மனிதர் எப்படிச் செத்தார் என்பதைச் சொல்லிவிட வேண்டும்.

நிகாசியோ ஏரிக்கரைக் கிராமம் ஒன்றில் பிறந்தவர். பதினேழு வயதில் மேட்டு நகரமான எல் ஆல்ட்டோவுக்கு வந்தார். செங்கல் சுமந்தார், பிறகு செங்கல் அடுக்கினார். பாவாடை தைக்கிற இலாரியாவைக் கட்டிக்கொண்டார். மெலானியா பிறந்தாள். காற்று சுழற்றியடிக்கும் ஒரு தெருவில் ஒற்றை அறை வீடு. அதில் ஒரு தையல் மிஷின், ஒரு கட்டில். அந்தக் கட்டிலில் அப்பாவின் நெஞ்சுமேல் ஏறிப் படுத்தால்தான் மெலானியாவுக்குத் தூக்கம் வரும்.

மகளுக்கு ஐந்து வயதானபோது, இரண்டாவது அறை கட்ட ஆசைப்பட்டு நிகாசியோ மலைக்கு அந்தப் பக்கம் திப்புவானி பள்ளத்தாக்குத் தங்கச் சுரங்கத்துக்குப் போனார். இலாரியாவின் தம்பி ருஃபினோவும் ஒட்டிக்கொண்டு வந்தான். பத்தொன்பது வயது. அக்காள் புருஷன்மேல் உயிர். "மாமா, மாமா" என்று வால் மாதிரித் திரிவான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நிகாசியோ மத்தியானத்திலிருந்தே குடித்தார். மாலை முறை வேலைக்கு அவர் பெயர் போட்டிருந்தது. எழுந்து நிற்க முடியவில்லை.

"நீங்க படுங்க மாமா, நான் போறேன். இருட்டுக்குள்ள எவன் முகத்தைப் பாக்கறான்?" என்று ருஃபினோ சிரித்தபடியே அவருடைய தொப்பியை மாட்டிக்கொண்டு போனான்.

மண் சரிந்தது. உள்ளே போன ஒன்பது பேரில் ஒருவர் உடம்புகூடக் கிடைக்கவில்லை.

மறுநாள் காலையில் கணக்குப்பிள்ளை முற்றத்தில் நின்று, முறைப் பட்டியலைப் பார்த்துச் செத்தவர்களின் பெயரை வாசித்தார். கூட்டத்தின் கடைசியில் நின்ற நிகாசியோவின் காதில் அவருடைய பெயரே விழுந்தது. நிகாசியோ சோக்கே. ஆறாவது பெயர்.

அப்போது ஒரு கையை உயர்த்தியிருந்தால் போதும். நான் இருக்கிறேன், உள்ளே போனது ருஃபினோ என்று ஒரு வார்த்தை. கை எழவில்லை. 'என் தம்பி எங்கே?' என்று இலாரியா கேட்பாளே என்ற நினைப்பு வந்ததும் கால்கள்தான் எழுந்தன. ஆற்றோரமாகவே ஓடினார். கீழே காட்டுப் பக்கம் போனார். ஆறு வருஷம் கொட்டை பொறுக்கினார், மரம் அறுத்தார், குடித்தார். ஒருநாள் குடியை விட்டார். விட்ட மறுமாதமே, இனிமேல் தாங்காது என்று வீட்டுக்குக் கிளம்பினார்.

பகல் மூன்று மணி. மெலானியா பள்ளிக்கூடத்தில் இருந்தாள். கதவைத் திறந்த இலாரியா, கத்தவில்லை, மயங்கி விழவில்லை. கதவுச் சட்டத்தை இறுகப் பிடித்துக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"நீ இங்க நிக்கறேன்னா, அந்தக் குழிக்குள்ள இருக்கறது யாரு?"

நிகாசியோ வாசல் மண்ணில் மண்டியிட்டார். சொன்னார்.

மண் சரிந்த பயத்தில் தம்பி ஓடிப்போய் அர்ஜென்டினாவில் இருக்கிறான், என்றாவது காகிதம் போடுவான் என்றுதான் அந்தக் குடும்பமே நம்பிக்கொண்டிருந்தது. இலாரியாவின் தாய் அந்த நம்பிக்கையிலேயே கண்ணை மூடியிருந்தாள்.

"மூணு வருஷம்," என்றாள் இலாரியா. அவள் குரல் உடைந்த பானை மாதிரி இருந்தது. "மூணு வருஷம் நிகாசியோ, நிகாசியோன்னு உன் பேர் சொல்லிக் கூப்பிட்டு மேஜை போட்டேன். கூப்பிட்டவங்கதானே வர முடியும்? என் தம்பி வாசல்லயே நின்னிருப்பானே. யாராவது என் பேரைச் சொல்ல மாட்டாங்களான்னு பசியோட நின்னிருப்பானே. ஒரு வாய்த் தண்ணிகூடக் குடுக்கலையே நான்!"

"இலாரியா..."

"என் பொண்ணு உனக்காக அழ வேண்டியதையெல்லாம் அழுது முடிச்சுட்டா. இப்ப நீ உசிரோட உள்ள வந்தா, அவ மாமன் எப்படிச் செத்தான்னு அவளுக்குச் சொல்லணும். சொல்லுவியா? செத்துப்போன அப்பன் நல்லவன். அவளுக்கு அவன் போதும். அவனை விட்டுட்டு நீ போயிடு."

கதவு சாத்திக்கொண்டது. நிகாசியோ அன்று மேட்டு நகரத்திலிருந்து கீழே லா பாஸுக்கு நடந்தே இறங்கினார். வந்து சாய்ந்த இடம்தான் யூசேபியாக்காவின் உருளைக்கிழங்கு மூட்டை.

பதினெட்டு வருஷம்! மேலே நிமிர்ந்து பார்த்தால் மகள் இருக்கும் ஊரின் விளிம்பு தெரியும். அங்கே ஏறிப்போக அவருக்கு அனுமதி கிடையாது. பள்ளி ஊர்வலத்தில் மெலானியா கொடி பிடித்தாள் என்று யூசேபியாக்கா வந்து சொல்வாள். பரீட்சையில் தேறினாள் என்பாள். வெள்ளைப் பாவாடை கட்டிக் கல்யாணம் பண்ணிக்கொண்டாள் என்பாள். நிகாசியோ கேட்டுக்கொண்டே மூட்டைக்குக் கயிறு கட்டுவார். ஒவ்வொரு செய்தி வந்த நாளிலும் இரண்டு ஆள் சுமையை ஒருவராகத் தூக்குவார். யாராலும் தடுக்க முடியாது.

கல்லறைத் திருநாள் காலை ஒன்பது மணிக்கே எல் ஆல்ட்டோ இடுகாட்டில் கால் வைக்க இடமில்லை. மண்மேடுகள்மேல் தார்ப்பாய் கட்டி, கறுப்புத் துணி விரித்து, ரொட்டியும் பழமும் கோக்கா இலையுமாகக் குவித்திருந்தார்கள். ஆத்மாக்கள் முந்தின நாள் உச்சிவேளைக்கு வந்தவை. இன்றைக்கு உச்சிவேளைக்குக் கிளம்பிவிடும். அதற்குள் எத்தனை செபம் சேர்க்கிறோமோ அத்தனையும் அவர்களுக்கு வழிச்சோறு. அதனால் செபம் சொல்கிறவர்களை ஆளாளுக்குக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

டெல்ஃபின் இரண்டு கோணிப்பை கொண்டுவந்திருந்தார். சந்தையில் நிகாசியோவோடு மூட்டை தூக்குகிறவர், வாய் ஓயாதவர்.

"இங்க பாரு, என் கணக்கு ஒன்னுதான். அழற வீட்டுல ஒரு செபம், சிரிக்கற வீட்டுல மூணு. சிரிக்கறவன்தான் பெரிய ரொட்டியா எடுத்துக் குடுப்பான்."

"உனக்குப் பாவம்னு ஒன்னு கிடையாதா?"

"பாவமா? போன வருஷம் நான் சொன்ன செபத்துல பாதி லா பாஸ் மோட்சத்துக்குப் போயிருக்கும். ஆமா, நீ என்ன கல்யாண மாப்பிள்ளை மாதிரி சட்டைக்கு இஸ்திரி போட்டிருக்கே?"

நிகாசியோ தண்ணீர்த் தொட்டியைத் தேடினார். யூசேபியாக்கா அடையாளம் சொல்லி அனுப்பியிருந்தாள். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் மூன்றாவது வரிசை, நீலத் தார்ப்பாய்.

"நீ போ டெல்ஃபின். நான் அந்தப் பக்கம் பாக்கறேன்."

"நல்ல மேஜையாப் பாத்து உக்காரு!" என்று கத்திவிட்டு டெல்ஃபின் கூட்டத்தில் கரைந்துபோனார்.

நீலத் தார்ப்பாயின் கீழே ஒரு இளம்பெண் மண்டியிட்டு, வெங்காயத்தாளின் குழலில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். வழியில் ஆத்மா குடிக்க. முதுகுத்துணியில் குழந்தை தூங்கியது. சிவப்புக் கம்பளிக் காலுறை போட்ட ஒரு சின்னப் பாதம் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

அவள் தலையைத் தூக்கினாள். இலாரியாவின் கண்கள்.

"வாங்க ஐயா, வாங்க! காலையிலேருந்து ரெண்டே பேர்தான் வந்தாங்க. அந்த ஆளுங்க 'எங்கள் பிதாவே'ன்னு ஆரம்பிச்சு 'ஆமென்'ல முடிச்சாங்க, நடுவுல ஒன்னையும் காணோம். உங்களுக்காவது முழுசா வருமா?"

"வரும்மா," என்றார் நிகாசியோ.

"உட்காருங்க. முதல்ல கொஞ்சம் குடிங்க."

"குடிக்கறதில்லைம்மா. விட்டு ரொம்ப நாளாச்சு."

"அப்ப சோளக்கஞ்சி குடிங்க. சூடா இருக்கு." அவளே குவளையை அவர் கைக்குள் வைத்து மூடினாள். அவள் விரல்கள் பட்டன. ஊசி குத்திக் காய்த்த விரல்கள். அம்மாவின் தையல் மிஷினில் இப்போது இவள் உட்காருகிறாள்.

மேஜையின் தலைப்பக்கம் இரண்டு படங்கள் இருந்தன. ஒன்று இலாரியா, போன வருஷம் எடுத்தது. இன்னொன்று கல்யாணப் படத்திலிருந்து வெட்டிப் பெரிதாக்கிய ஒரு வாலிபனின் முகம். அடர்ந்த மீசை, முழுப் பல்வரிசை, திமிரான சிரிப்பு. நிகாசியோ அந்த முகத்தைப் பார்த்தார். அதற்குக் கீழே உட்கார்ந்திருந்தது முன்பற்கள் போய், சுமைக்கயிறு நெற்றியில் பள்ளம் விழுத்திய ஒரு கிழம். யாருக்குத்தான் அடையாளம் தெரியும்?

"அம்மா பேருக்கு ஐயா. இலாரியா சோக்கே."

அவர் தொப்பியைக் கழற்றினார். கண்ணை மூடினார். எங்கள் பிதாவே, அருள் நிறைந்த மரியே. ஒவ்வொரு செபத்தின் கடைசியிலும் இலாரியா, இலாரியா என்று கூப்பிட்டார். பதினெட்டு வருஷமாக வாய்விட்டுச் சொல்லாத பெயர். அவள் வந்து எதிரே உட்கார்ந்து, தையலிலிருந்து கண்ணை எடுக்காமல் தன்னைக் கவனிப்பதுபோல் இருந்தது. 'எதுக்கு வந்தே?' என்று கேட்பதுபோல் இருந்தது. 'அவளைப் பாக்கத்தான் வந்தேன் இலாரியா. சொல்லிடறேன். இப்பவாவது விடு,' என்று மனசுக்குள் கெஞ்சினார்.

கண்ணைத் திறந்தபோது மெலானியா முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"எவ்ளோ நல்லாச் சொன்னீங்க! சொந்தக்காரங்களுக்குச் சொல்ற மாதிரி." அவள் சட்டென்று ரொட்டிக் குவியலிலிருந்து மீசை முகம் ஒட்டிய ஒரு பெரிய ரொட்டிப்பிள்ளையை எடுத்தாள். "இன்னும் ஒரு பேர் இருக்கு ஐயா. எங்கப்பா. அவருக்கு மூணு வருஷம் எப்பவோ முடிஞ்சு போச்சு, ஊர்ல எல்லாரும் எதுக்குடி இன்னும் சுடறேன்னு திட்டறாங்க. ஆனா அவருக்குக் கல்லறை கிடையாது. மண்ணுக்குள்ளயே போயிட்டார். பாவம், எங்க போய் உக்காருவார்? அதான் வருஷா வருஷம் சுடுவோம். நிகாசியோ சோக்கேன்னு சொல்லுங்க."

நிகாசியோ குவளையைக் கீழே வைத்தார். இதோ, இந்த நிமிஷம். இப்போது சொன்னால் போதும்.

"உங்கப்பாவை... ஞாபகம் இருக்காம்மா?"

"அஞ்சு வயசு எனக்கு. முகம் இந்தப் படம்தான். ஆனா அவர் நெஞ்சு ஞாபகம் இருக்கு. மேல ஏறிப் படுத்தா டக் டக்குன்னு கேக்கும். அதைக் கேட்டுக்கிட்டே தூங்குவேன்." அவள் கூச்சத்தோடு சிரித்தாள். "இந்த வயசுலயும் பைத்தியக்காரி மாதிரிப் பேசறேன், இல்லை?"

"இல்லம்மா. நான் ஒன்னு சொல்லணும். உங்கப்பா..."

"சொல்லுங்க ஐயா. ஆனா அதுக்கு முன்னாடி அம்மா பேச்சு ஒன்னு இருக்கு, கேளுங்க. அம்மா கடைசி நாள் ரொம்பப் பயந்துட்டாங்க. எதுக்குமே பயப்படாத பொம்பளை! என் கையை விடவே இல்லை. சாயங்காலமா திடீர்னு அமைதியாயிட்டாங்க. 'அழாதேடி, உன் அப்பா வாசல்ல வந்து நிக்கறார். கூட்டிட்டுப் போக வந்திருக்கார். நான் தனியாப் போகலை'ன்னாங்க. சிரிச்ச முகமாப் போனாங்க."

நிகாசியோ இலாரியாவின் படத்தைப் பார்த்தார்.

"அதை நினைச்சாத்தான் ஐயா எனக்குச் சோறு இறங்குது. அப்பா மட்டும் அங்க இல்லைன்னா எங்கம்மா அந்த வழியில தனியா என்ன பண்ணியிருப்பாங்க? அப்பா உசிரோட இருந்திருக்கக் கூடாதான்னு சின்ன வயசுல எத்தனை அழுதிருக்கேன்! இப்ப அவர் முன்னாடியே போனது நல்லதுதான்னு தோணுது. பாருங்க, எப்படி ஆயிட்டேன்!"

காற்று தார்ப்பாயைப் படபடவென்று அடித்தது. பக்கத்துக் கல்லறையில் யாரோ குழலூதினார்கள்.

இலாரியா யாரைப் பார்த்துச் சிரித்தாள்? வாசலில் வந்து நின்றது ருஃபினோவா? அல்லது மகள் மனசு நோகக் கூடாது என்று கடைசி மூச்சிலும் அந்தப் பொய்யைக் காப்பாற்றினாளா? எதுவாக இருந்தாலும், ஒரு வார்த்தையில் அவளை இருட்டு வழியில் தனியாக நிறுத்திவிட நிகாசியோவால் முடியும். அவள் விருந்தாளியாக வந்து உட்கார்ந்திருக்கிற இந்த நாளிலேயே, அவள் பெற்ற பெண்ணின் கண் முன்னாலேயே அவளைப் பொய்க்காரி ஆக்கிவிட முடியும்.

"ஏதோ சொல்ல வந்தீங்களே ஐயா?"

"உங்கப்பாவுக்கும்... முழுசாவே செபம் சொல்லிடறேன்னு சொல்ல வந்தேம்மா."

சொன்னார். தன் பெயரைச் சொல்லி, தன் ஆத்மாவுக்கு இளைப்பாற்றி கேட்டார். நிகாசியோ சோக்கேக்கு நித்திய ஒளி கிடைப்பதாக. மெலானியா தலை குனிந்து "ஆமென்" என்றாள். ஐந்து செபம், ஐந்து ஆமென். சுரங்க முற்றத்தில் எழாமல் போன கை, இன்று தொப்பியைப் பிடித்தபடி மடியில் கிடந்தது.

முடிந்ததும் அவள் இன்னொரு ரொட்டியைத் தயக்கத்தோடு நகர்த்தினாள். அதற்கு முகமே ஒட்டவில்லை.

"இது யாருக்குன்னு எனக்கே தெரியாது. அம்மா நான் சின்னப் பொண்ணா இருந்தப்போலேருந்து தனியா இப்படி ஒன்னு சுடுவாங்க. அடுப்புப் பக்கம் திரும்பிக்கிட்டு ஏதோ முணுமுணுப்பாங்க. கேட்டாச் சொல்ல மாட்டாங்க. விட மனசில்லாம நானும் சுட்டுட்டேன். பேர் தெரியாம எப்படிக் கூப்பிடறது?"

"நான் கூப்பிடறேம்மா."

நிகாசியோ அந்த ரொட்டியை இரண்டு கையாலும் எடுத்தார். குழந்தையைத் தூக்குவதுபோல் முகத்துக்கு அருகே கொண்டுபோனார். அவள் காதில் விழாதபடி அந்தப் பெயரைச் சொன்னார். 'ருஃபினோ, வாடா. மாமா வந்திருக்கேன். சாப்பிடுடா.' சொல்லும்போது தோள்கள் குலுங்கின. எத்தனை மூட்டைக்கும் குலுங்காத தோள்கள்.

மெலானியா பயந்துபோனாள். "ஐயா, என்னாச்சு? உங்களுக்கும் யாராவது...?"

"ஆமாம்மா. ஒரு பையன். எனக்குப் பதிலா வேலைக்குப் போனான்."

அவள் அதற்குமேல் கேட்கவில்லை. செபம் சொல்ல வந்தவனை யாரும் கேட்பதில்லை. தன் முதுகுத்துணி முனையால் அவருடைய கன்னத்தைத் துடைத்துவிட்டாள். குழந்தை விழித்து, அவள் தோளுக்கு மேலாக அவரையே பார்த்தது. யூசேபியாக்கா பொய் சொல்லவில்லை. அந்த மூக்கு அவருடையதுதான்.

உச்சிவேளை மணி அடித்தது. இடுகாடு முழுக்க ஜனங்கள் எழுந்து நின்றார்கள். மெலானியா இல்லிமானி பனிமலைப் பக்கம் முகத்தைத் திருப்பி, மேஜைத்துணியின் முனையைப் பிடித்துக்கொண்டு உரக்கப் பேசினாள். பயணம் கிளம்புகிறவர்களிடம் பஸ் ஜன்னல் வழியாகப் பேசுவதுபோலப் பேசினாள்.

"போயிட்டு வாங்கம்மா! மிஷினுக்கு எண்ணெய் போட்டுட்டேன், கவலைப்படாதீங்க. அப்பா, அம்மாவுக்கு முட்டிவலி இருக்கு, வேகமா நடக்காதீங்க! கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போங்க. அடுத்த வருஷம் குழந்தை நடந்துடுவா, வந்து பாருங்கப்பா!"

அவளுக்கு இரண்டு அடி பின்னால் நின்றுகொண்டிருந்தார் நிகாசியோ. கையை நீட்டினால் தோளைத் தொடலாம். அவள் தொலைவில் வெள்ளை மலையைப் பார்த்துக் கையாட்டினாள். நீட்டிய கை பாதியில் நின்று, குழந்தையின் சிவப்புக் காலுறைப் பாதத்தை ஒருமுறை மெல்லப் பற்றி, திரும்பிவிட்டது.

அப்புறம் மேஜையைக் கலைத்தார்கள். மெலானியா கரும்புத் துண்டும் ஆரஞ்சும் அள்ளி அவர் பையில் போட்டாள். கடைசியில் மீசை முகத்து ரொட்டிப்பிள்ளையையும் எடுத்து வைத்தாள்.

"அப்பாவோடதை நீங்களே எடுத்துக்கங்க ஐயா. வேற யாருக்கும் குடுக்காம நீங்களே சாப்பிடணும். அப்பத்தான் அவருக்குப் பசி ஆறும். அடுத்த வருஷமும் வருவீங்கள்ல? அம்மாவுக்கு இன்னும் ரெண்டு வருஷம் மேஜை இருக்கு."

"வர்றேம்மா," என்றார்.

இரண்டு தடவை. இன்னும் இரண்டே தடவை அவர் அவள் எதிரே உட்காரலாம். மூன்றாம் வருஷம் பாட்டுக்காரர்கள் வருவார்கள், ஆடுவார்கள், வழியனுப்பிவிடுவார்கள். அதோடு சரி.

கீழே லா பாஸுக்கு இறங்கும் கேபிள் காரில், இரண்டு நிறைந்த கோணிப்பைகளுக்கு நடுவே டெல்ஃபின் சிக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"மூணு மணி நேரத்துல ஒரே ஒரு பையா? அடப்பாவி! நான் நாற்பது ஆத்மாவைக் கரையேத்திட்டேன். அந்த மீசைக்காரனைக் குடு, நான் ரெண்டு சின்னது தர்றேன்."

"இது கிடையாது."

"எல்லாம் ஒரே மாவுதானே?"

நிகாசியோ ரொட்டியை மடியில் வைத்துப் பிட்டார். சோம்பு வாசம் எழுந்தது. ஜன்னலுக்கு வெளியே கல்லறைகளும் கூரைகளும் காலுக்கடியில் சரிந்து போய்க்கொண்டிருந்தன. அவர் நிறுத்தாமல் தின்றார். மடியில் சிந்திய துகள்களையும் விரலால் ஒற்றி எடுத்துத் தின்றார். பசியால் இல்லை. பிறந்து இருபத்தொன்பது வருஷமான அந்தப் பெண் தன் கையால் சுட்டதை அவர் சாப்பிடுவது இதுதான் முதல் தடவை.